பீரோவில் வைக்க எந்த ஹார்ட் டிஸ்க்?

வீட்டுப் படங்களும் வீடியோக்களும் சேர்ந்து 3 டிபியைத் தாண்டிவிட்டன. முன்பு இவற்றில் பாதியை ஒரே ஒரு போர்ட்டபிள் டிஸ்க்கில் வைத்திருந்தேன். அது கீழேயும் விழவில்லை, அதில் தண்ணீரும் படவில்லை. கேபிள் செருகும் இடம் ஆட்டம் கண்டு, ஒருநாள் பேச்சு மூச்சில்லை. சரி, டப்பாவை உடைத்து உள்ளே இருப்பதைக் கணினியில் நேராக மாட்டிக்கொள்ளலாம் என்று திறந்தால், கணினிக்குள் டிஸ்க்கை மாட்டும் சாட்டா இணைப்பே இல்லை. யுஎஸ்பி சாக்கெட்டை டிஸ்க்கின் போர்டிலேயே பற்றவைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு டிஸ்க் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது, இது கெட்டுப்போனால் உள்ளே போக வேறு வழி இருக்கிறதா என்பதைத்தான்.

இந்தக் கணக்கில் 2.5 அங்குல போர்ட்டபிள் தோற்றுவிடுகிறது. பையில் போட்டுக்கொள்ளலாம், தனி மின்சாரம் வேண்டாம், விலையும் குறைவு. ஆனால் பலவற்றில் நான் சொன்ன அதே பற்றவைப்புதான். போதாததற்கு, பெரிய கொள்ளளவு உள்ளவை பெரும்பாலும் எஸ்எம்ஆர் வகை. கூரையில் ஓடு வேய்வதுபோல ஒரு தடத்தின் மேல் அடுத்த தடம் ஏறிப் படுத்திருக்கும். ஓர் ஓடு மாற்றப் பக்கத்து ஓடுகளையும் கிளப்ப வேண்டியிருப்பதுபோல, பழைய கோப்பின் மேல் எழுதும்போது அடுத்தடுத்த தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். ஒருமுறை நிரப்பி மூடி வைக்க இது பரவாயில்லை. அடிக்கடி மாற்றி எழுதினால் பொறுமை போய்விடும்.

3.5 அங்குல டிஸ்க்குக்குத் தனி அடாப்டரும், டிஸ்க்கைச் செருகி யுஎஸ்பியில் இணைக்கும் டாக்கும் வேண்டும், கனமும் அதிகம். ஆனால் டாக் போனால் வேறு டாக்கில் மாட்டலாம், கணினிக்குள்ளேயே மாட்டலாம். தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் வகையும் இதில் எளிதாகக் கிடைக்கும்: சீகேட் ஐயன்வுல்ஃப், டபிள்யூடி ரெட் பிளஸ், தோஷிபா என்300. மூன்றுக்கும் 3 ஆண்டு வாரண்டி. ரெட் வாங்குவோர் ‘பிளஸ்’ என்ற சொல்லைப் பார்த்து வாங்க வேண்டும். சில ரெட் மாடல்களில் சொல்லாமல் எஸ்எம்ஆரை நுழைத்தது 2020இல் வெளிச்சத்துக்கு வந்து, அந்தக் களேபரத்துக்குப் பிறகு பிறந்த பெயர் அது.

எந்தக் கம்பெனி நல்லது என்ற சண்டையில் எனக்கு ஈடுபாடு போய்விட்டது. ஹார்ட் டிஸ்க் செய்வதே இப்போது இந்த மூன்று பேர்தான். லட்சக்கணக்கான டிஸ்க்குகளை ஓட்டும் பேக்பிளேஸ் நிறுவனம், எது எவ்வளவு பழுதாகிறது என்ற கணக்கை 2013 முதல் வெளியிடுகிறது. அதில் பார்த்தால், ஒரே கம்பெனியின் ஒரு மாடல் ஓஹோ என்றிருக்கும், இன்னொன்று சொதப்பும். சீகேட்டின் பழைய எஸ்டி3000டிஎம்001 அப்படிப் பெயர் கெட்டது. மொத்தமாகப் பார்த்தால் 2024இல் நூற்றுக்கு ஒன்றரை டிஸ்க் அளவில் பழுது. அதுவும் டேட்டா சென்டரில் இரவு பகலாகச் சுற்றுபவை. பீரோவில் தூங்கும் டிஸ்க்கின் கதை வேறு.

அட்டையில் ‘10 லட்சம் மணி நேரம்’ என்று போட்டிருப்பதை நம்பி 114 வருடம் உழைக்கும் என்று எண்ண வேண்டாம். ஆயிரக்கணக்கான டிஸ்க்குகளைச் சேர்த்துப் போட்ட சராசரி அது. விலை சந்தேகப்படும்படி மலிவாக இருந்தாலும் உஷார். 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில், ஓடித் தேய்ந்த சீகேட் டிஸ்க்குகளின் மணிக்கணக்கை அழித்துவிட்டுப் புதியவைபோல் விற்றது அம்பலமானது.

சுற்றும் தட்டில்லாமல் சிப்பில் பதியும் எஸ்எஸ்டி? தினசரி வேலைக்கு அதற்கு ஈடில்லை. அடுக்கில் போட்டு மறந்துவிட அது வேண்டாம் என்பேன். உள்ளே தகவல் நிற்பது மின்னேற்றமாக, அது மெல்லக் கசியும். வீட்டு உபயோக எஸ்எஸ்டிக்கு சிப் துறையின் தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் விதி கேட்பது, எழுதும் ஆயுள் முடிந்த நிலையிலும் மின்சாரமில்லாமல் 30 டிகிரியில் ஓராண்டு தாங்க வேண்டும் என்பதுதான். புதியது அதைவிட நெடுநாள் தாங்கும். ஆனால் வெப்பம் ஏற ஏறக் கசிவு கூடும். நம் ஊர் மே மாதத்தில் பூட்டிய அறை 30 டிகிரியில் நிற்குமா?

எம்-டிஸ்க் ப்ளூ-ரே நெடுநாள் தாங்குவதற்கென்றே செய்தது. ஆனால் 100 ஜிபி தட்டில் எழுதினாலும் 3 டிபிக்கு 30 தட்டு. காந்த நாடாவில் பதியும் டேப் டிரைவின் விலை நம் பட்ஜெட்டில் அடங்காது.

கடைசியில் 4 டிபி ஐயன்வுல்ஃப் ஒன்று, 4 டிபி என்300 ஒன்று வாங்கினேன். ஒரே கம்பெனியில் இரண்டு வாங்கினால் ஒரே லாட்டில் வந்து, ஒரே குறையோடு சேர்ந்தே போகக்கூடும். இரண்டிலும் ஒரே கோப்புகள், கூடவே ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம், அதாவது கோப்பு மாறினால் காட்டிக்கொடுக்கும் கணக்கு எண். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாட்டி, டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில், பழுதான இடங்களைக் காட்டும் 5, 197 ஆகிய எண்களுக்கு எதிரே பூஜ்ஜியம் நிற்கிறதா என்று பார்க்கிறேன், செக்சத்தையும் ஒத்துப் பார்க்கிறேன். ஒன்று சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு என் பீரோவில். மற்றது மதுரையில் அக்கா வீட்டில். பொங்கலுக்குப் போகும்போது இதைக் கொடுத்துவிட்டு அதை எடுத்து வருவேன். பஸ்ஸில் வரும்போது மட்டும் அது மேலே லக்கேஜ் தட்டுக்குப் போகாது, மடியில்தான்.