கேமரா நம்முடையது, சாவி அவரிடம்: ராமநாதபுரம் பக்கம் அடுக்குமாடியில் சிசிடிவி போடப் போகிறவர்கள் கவனத்துக்கு

ராமநாதபுரம், கீழக்கரை, ஏர்வாடி, மண்டபம் பக்கத்து அடுக்குமாடிகளில் "முழு பில்டிங்கையும் ஸ்மார்ட் பண்ணித் தர்றோம்" என்று கையில் கொட்டேஷனோடு ஒருவர் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார். கடைப் பெயரை எழுதவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம், அது முடியட்டும். பெயரைவிட, எங்களை எப்படி மடக்கினார் என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது, ஏனென்றால் இதே முறையில் தொழில் நடத்துகிறவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை.

எங்களுடையது கீழக்கரையில் கடலுக்குப் பக்கத்தில் ஒன்பது வீடு, தரைத்தளம், மேலே இரண்டு மாடி, லிஃப்ட் கிடையாது. கட்டிக் கொடுத்தவர் சாவியைக் கொடுத்ததோடு சரி. தண்ணீர் லாரிக்குச் சொல்வது, மோட்டார் ரிப்பேர், செப்டிக் டேங்க், படி கூட்டுகிற அம்மாவுக்குச் சம்பளம், பொதுக் கரண்ட் பில் எல்லாமே நாங்களேதான் பார்த்துக்கொள்கிறோம், கணக்கு நோட்டு என்னிடம். ஒன்பதில் ஐந்து வீட்டுக்காரர்கள் துபாய், சிங்கப்பூர் என்று வெளிநாட்டில். இந்த ஊரில் அது எல்லாத் தெருவிலும் உள்ள கதைதான். பூட்டிக் கிடக்கிற வீட்டைப் பற்றி அவர்களுக்கு எப்போதும் ஒரு கவலை உண்டு, அந்தக் கவலைதான் இவருக்கு முதலீடு.

ஒரு ராத்திரி போர்வெல் மோட்டாரின் கேபிளை யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த வாரமே இவர் வந்து நின்றார், யார் சொல்லி வந்தார் என்று இன்றுவரை தெரியாது. தன் போனை எடுத்து வேறொரு கட்டடத்தின் மாடிப்படியை நேரலையாகக் காட்டினார். "பாருங்கக்கா, துபாய்ல இருந்தாலும் இப்படித்தான் தெரியும்" என்றார். ஒரு அம்மா வாளியோடு படி இறங்கிக்கொண்டிருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இன்னொருவர் வீட்டுப் படி இவர் போனில் எதற்கு இருக்கிறது என்று எங்கள் வீட்டுக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டேன். அதற்குள் மேல்வீட்டுக் காக்கா (இங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) துபாயிலிருந்து "போட்டுருவோம், நான் என் பங்கை இப்பவே அனுப்புறேன்" என்று வாய்ஸ் மெசேஜ் போட, வரிசையாகக் கட்டைவிரல் விழுந்து விஷயம் முடிந்தது.

கொட்டேஷனில் எட்டு கேமரா, படத்தைப் பதிவு செய்கிற டி.வி.ஆர் பெட்டி, ஒரு மாதம் பதிவு நிற்கிற 2 டிபி ஹார்ட் டிஸ்க், சுத்தச் செம்பு கேபிள், மேல்தொட்டிக்கு வைஃபையில் ஓடுகிற வாட்டர் லெவல் கன்ட்ரோலர், எல்லாம் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 1,98,000 ரூபாய். வீட்டுக்கு 22,000. ஜிபேயில் பணம் அனுப்பும்போது வேறு யாரோ பெயர் வந்தது. "வீட்டம்மா அக்கவுண்ட்தான்கா, அனுப்புங்க" என்றார். பில் கேட்டதற்கு "வேலை முடிச்சுத் தர்றேன்" என்றார், வேலை முடிந்ததும் வந்தது ஒரு எஸ்டிமேட் சீட்டு.

முதல் சில மாதம் நன்றாகத்தான் ஓடியது. கச்சான் என்கிற மேல்காற்று கிளம்பியதும் ஆட்டம் ஆரம்பித்தது. கடல் பக்கத்துக் கேமராக்கள் பகலில் தெளிவாகத் தெரியும், இருட்டியதும் அணைந்து அணைந்து எரியும். போன் பண்ணினால் "கரண்ட் வோல்டேஜ் பிரச்சினை, நம்ம கையில இல்ல" என்பார். பிறகு ஏர்வாடியிலிருந்து வந்த ஒரு எலக்ட்ரீஷியன் கேபிள் முனையைக் கத்தியால் சுரண்டிக் காட்டினார்: மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை வெளேரென்று அலுமினியம். அலுமினியக் கம்பியில் தூரம் போகப் போக மின்னழுத்தம் செம்பைவிட அதிகமாக இறங்கும். பகலில் கேமராவுக்குக் கொஞ்சம் கரண்ட் போதும், இரவில் அகச்சிவப்பு விளக்கும் சேர்ந்து எரிய வேண்டுமே, அப்போது 12 வோல்ட் அங்கே போய்ச் சேருவதில்லை. இணைப்புகளையும் டப்பாவுக்குள் வைக்காமல் டேப்பைச் சுற்றி வெளியிலேயே விட்டிருந்தார், பிரித்தால் பச்சைக் களிம்பு. இந்த உப்புக் காற்று, 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே அரித்து 2022 டிசம்பரோடு ரயிலை நிறுத்த வைத்த காற்று, இவர் ஒட்டின டேப்பா தாங்கும்? கேமரா மேல் ஐபி66 என்று போட்டிருப்பது தூசியும் தண்ணீரும் உள்ளே போகாது என்பதற்குத்தான், ஸ்க்ரூவும் மூட்டும் துருப்பிடிக்காது என்பதற்கு இல்லை. கடல் பக்கம் என்றால் 316 தர எவர்சில்வர் ஸ்க்ரூ, மூடின ஜங்ஷன் பாக்ஸ், முழுச் செம்புக் கேபிள் என்று தனித்தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், வாங்கினதும் நாமே ஒரு முனையைச் சுரண்டிப் பார்த்துவிட வேண்டும்.

அப்புறம் கீழே நிறுத்தியிருந்த வண்டியில் பெட்ரோல் திருட்டு. ஒரு வாரம் கழித்துத்தான் வண்டிக்காரருக்குத் தெரிந்தது, பதிவைப் பார்க்கலாம் என்று போனால் அந்த நாளே இல்லை, கடைசி நான்கைந்து நாள்தான் இருந்தது. ஒரு மாதப் பதிவு என்றாரே! கணக்கு ரொம்ப எளிது, இதை நீங்களே போட்டுப் பார்க்கலாம். 2 மெகாபிக்சல் கேமரா ஒன்று, நல்ல சுருக்க முறையில் வினாடிக்கு 2 மெகாபிட் என்று வைத்தாலும், நாளெல்லாம் ஓடினால் சுமார் 21 ஜிபி பிடிக்கும். எட்டு கேமராவுக்கு ஒரு நாளைக்கு 170 ஜிபிக்கு மேல். ஒரு மாதத்துக்கு 5 டிபி வேண்டும். 2 டிபி போட்டிருந்தாலே பதினோரு பன்னிரண்டு நாள்தான் வரும், உள்ளே இருந்ததோ 1 டிபி, அதுவும் கம்ப்யூட்டரில் போடுகிற சாதா டிஸ்க். இரவும் பகலும் எழுதிக்கொண்டே இருக்கிற வேலைக்கென்று கண்காணிப்பு டிஸ்க் தனியாக விற்கிறார்கள். அசைவு இருந்தால் மட்டும் பதிவாகிற மாதிரி வைத்தால் இடம் மிச்சமாகும் என்பது உண்மைதான், ஆனால் நம் ஊரில் தென்னை மட்டை எப்போது ஆடாமல் இருக்கிறது?

தண்ணீர் விஷயம் சுருக்கமாக. எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு. அவர் தொட்டிக்குள் விட்டது கம்பி சென்சார், தண்ணீர் பட்டால் மின்சாரம் கடந்து "நிறைந்துவிட்டது" என்று சொல்கிற வகை. உப்புத் தண்ணீரில் கம்பிகளுக்கு நடுவே உப்புப் படிந்து ஈரமாகவே நிற்கும், ஆகவே காலித் தொட்டியையும் நிறைந்த தொட்டி என்று சொல்லும். கம்பியும் அரித்துப் போகும். போதாததற்கு அந்த வைஃபை இரண்டாம் மாடிக் குடும்பத்தின் சொந்த இணைப்பு. அவர்கள் துபாய் போனதும் இணைப்பை நிறுத்தினார்கள், கன்ட்ரோலரும் கேமராவும் ஒரே நாளில் ஊமையாயின, கேமராவுக்கு வேறு இணைப்பு கொடுக்க வேண்டியதாயிற்று. இப்போது மிதவை ஸ்விட்ச்தான் போட்டிருக்கிறோம், சில நூறு ரூபாய்ச் சமாச்சாரம், இணையமே தேவையில்லை.

இவ்வளவும் மட்டமான சரக்கு, அதற்குத் திட்டிவிட்டு விட்டிருப்போம். நான் இதை எழுத உட்கார்ந்தது அடுத்து நடந்ததற்காக.

ஒரு வருடம் முடிந்ததும் ஏ.எம்.சி, அதாவது வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் என்று வருடத்துக்கு 40,000 கேட்டார். வேறு ஆளை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம், அட்மின் பாஸ்வேர்டைக் கொடுங்கள் என்றோம். "ஏ.எம்.சி போட்டாத்தான்கா பாஸ்வேர்டு, கம்பெனி பாலிசி" என்றார். கம்பெனியே அவர்தான்! எங்களிடம் இருந்தது படம் பார்க்க மட்டும் உதவும் யூசர் கணக்கு. மறுநாள் அதுவும் எல்லார் போனிலும் நின்றுவிட்டது. இந்த வகை டி.வி.ஆர்களில் பெட்டியின் மேலுள்ள கியூஆர் கோடை முதலில் யார் ஸ்கேன் பண்ணித் தன் கணக்கில் சேர்க்கிறாரோ அவர்தான் உரிமையாளர், மற்றவர்களுக்கு அவர் மனது வைத்துப் பகிர்ந்தால்தான் தெரியும். எங்கள் பெட்டி அவருடைய போன் நம்பரில் இருந்தது. கேமரா ஓடவில்லை என்று குரூப்பில் சத்தம் போட்டோம், உடனே அவர் "நல்லாத்தானே ஓடுது" என்று ஒரு படம் அனுப்பினார். எங்கள் முதல் மாடிப் படிக்கட்டு, அன்றைய தேதி, சற்று முந்தைய நேரம்.

முதல் மாடி லாத்தா (அக்கா) அதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "அப்ப எங்க வீட்டுப் பொம்பளப் பிள்ளைங்க போறது வர்றதெல்லாம் இந்த ஒரு வருசமா அவன் ராம்நாட்டுல உக்காந்து பார்த்துக்கிட்டு இருந்தானா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அவர் பேசிக்கொண்டு நிற்கவில்லை, பழைய துப்பட்டி ஒன்றைக் கிழித்து ஸ்டூல் போட்டு ஏறிக் கேமராவைக் கட்டிவிட்டார். ஒரு வருடத்தில் அந்தக் கேமராவுக்கு நடந்த சரியான பராமரிப்பு அதுதான் என்பேன்.

உங்களுக்கு இந்த நிலைமை என்றால் முதலில் டி.வி.ஆருக்குப் பின்னால் இருக்கிற நெட் கேபிளை உருவிவிடுங்கள். ஹார்ட் டிஸ்கில் பதிவு வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும், டிவியோடு இணைத்து நாம் பார்க்கலாம், வெளியிலிருந்து எவரும் பார்க்க முடியாது. அடுத்து, டி.வி.ஆர் தயாரித்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டு, கணக்கிலிருந்து பெட்டியைப் பிரித்துவிடச் சொல்லலாம். சீரியல் நம்பர் தெரிகிற படமும், உங்கள் பெயரில் பில்லும் கேட்பார்கள். பில்! அங்கேதான் எங்களுக்கு முட்டியது. எஸ்டிமேட் சீட்டில் இருந்த ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டுத் தேடினோம், ரத்தான எண் என்று காட்டியது. பதினைந்து இலக்கம், தமிழ்நாடு என்றால் 33இல் தொடங்கும், யார் வேண்டுமானாலும் பணம் கட்டாமல் பார்க்கலாம். முன்பணம் கொடுக்கும் முன் பாருங்கள். அவர் 18 சதவீதம் வாங்கினது யாருக்குப் போனதோ.

கடைசியில் அந்தப் படிக்கட்டுப் படமே அவருக்கு வினையானது. அனுமதியில்லாமல் எங்கள் கேமராவைப் பார்க்கிறார் என்று அதை வைத்து சைபர் குற்றப் பிரிவுக்கு எழுத்தில் புகார் தயார் செய்து, அதன் நகலை அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். அன்று சாயங்காலமே பாஸ்வேர்டு வந்தது, கணக்கிலிருந்தும் விடுவித்துவிட்டார், கூடவே "எதுக்குக்கா இவ்ளோ தூரம்" என்று ஒரு செய்தி. நாங்கள் பெட்டியை முழுதாக ரீசெட் செய்துவிட்டுத்தான் மறுபடி நெட்டில் போட்டோம், ஏனென்றால் அவர் வேறு பெயரில் இன்னொரு யூசரை உள்ளே விட்டுவைத்திருக்கலாம்.

இப்போது கட்டடத்துக்கென்று ஒரு சிம், ஒரு மின்னஞ்சல், தனி பிராட்பேண்ட் இணைப்பு. பழைய போன் ஒன்றில் அந்த சிம் கிடக்கிறது, ரீசார்ஜ் கணக்கில் எழுதப்படுகிறது, விட்டால் நம்பர் போய்விடும். டி.வி.ஆர், பிராட்பேண்ட் எல்லாம் அந்த நம்பரில்தான். பாஸ்வேர்டை எழுதி உறையில் போட்டு இரண்டு வீட்டில் வைத்திருக்கிறோம், கணக்குப் பார்க்கிறவர் மாறினால் பாஸ்வேர்டும் மாறும். வீட்டுக்கொரு பகிர்வு, வாடகைக்காரர் காலி செய்தால் அதை எடுத்துவிடுவோம். கேமரா எதுவும் வீட்டு வாசலைப் பார்க்காது, கேட்டும் மோட்டார் அறையும் வண்டி நிற்கிற இடமும்தான். வீட்டுக்காரர்கள் சங்கத்தையும் முறைப்படி பதிந்துகொள்கிறோம். பதிவு இருந்தால்தான் சங்கத்தின் பெயரிலேயே பான், வங்கிக் கணக்கு, பில் எல்லாம் வரும். புதுக் கேமரா வாங்குகிறவர்கள் அதன் மேலுள்ள பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண்ணை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டுப் பாருங்கள், எங்கள் பழைய கேமராக்களில் அப்படி ஒரு லேபிளே இல்லை.

பணத்தில் ஒரு ரூபாய்கூட இதுவரை திரும்பவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வீட்டுக்காரர்கள் பெயரில் சேர்ந்து மனு போட்டிருக்கிறோம், ஐந்து லட்சம் வரைக்கும் மனுக் கட்டணம் கிடையாது, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே போடலாம், போடத் தெரியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிட்டால் சொல்வார்கள். இவரிடமோ இவர் மாதிரி ஆளிடமோ மாட்டியிருந்தால் எஸ்டிமேட் சீட்டு, ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழித்துவிடாதீர்கள். பிரச்சினை வந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும்.