பஞ்சும் நெருப்பும்: ஒரு கேஸ் உலையுடன் மூன்றரை ஆண்டுகள்

போன ஞாயிறு மாலை பட்டறையிலிருந்து கிளம்பும்போது இரண்டு கையும் முழங்கை வரை அரித்துக்கொண்டிருந்தது. இரும்பைக் காய்ச்சி அடிக்க வைத்திருக்கும் என் கேஸ் உலைக்குள் இருக்கும் பஞ்சை மூன்றாவது முறையாக மாற்றி முடித்திருந்தேன். அந்த நேரம் பார்த்து அலுவலகத் தம்பி ஒருவரிடமிருந்து செய்தி வந்தது: "அண்ணே, நீங்க வச்சிருக்கிற அதே உலை 320லேருந்து 189 வெள்ளிக்கு இறங்கியிருக்கு. வாங்கலாமா?"

"வேண்டாம்" என்று ஒரே சொல்லில் பதில் போட்டேன். அவர் அழுகிற பொம்மை ஒன்றை அனுப்பினார். வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்ட பிறகு கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. மூன்றரை ஆண்டு எனக்கு உழைத்த பொருளைப் பற்றி ஒரு சொல்லோடு முடித்துக்கொள்வது நியாயமில்லை. அதனால்தான் இந்த நீண்ட பதில்.

உலை எப்படியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இரண்டு பர்னர், உருண்டை உடம்பு, நாலு கால், முன்னும் பின்னும் வாய். படத்தில் பார்த்ததுதான் பெட்டியிலும் வரும்.

அதை எங்கே வைப்பது என்பதுதான் முதல் கேள்வி. சிங்கப்பூரில், வீவக அடுக்குமாடி வீட்டில் இதை யோசிக்கக்கூட வேண்டாம். உலையை விடுங்கள், இரும்பை வைத்து அடிக்கும் பட்டடையில் நாலு அடி விழுந்தாலே மேல்வீடும் கீழ்வீடும் வாசலுக்கு வந்துவிடும். நான் வைத்திருப்பது சுங்கை காடுட் தொழிற்பேட்டையில், இரும்புக் கதவு செய்யும் நண்பர் ஒருவருடைய பட்டறையின் ஓரத்தில். சிலிண்டரை எங்கே வைக்கலாம், எத்தனை வைக்கலாம் என்பதற்கெல்லாம் குடிமைத் தற்காப்புப் படையின் விதிகள் உண்டு. வெல்டிங் வேலைக்காக நண்பர் ஏற்கெனவே எல்லாம் முறைப்படி செய்து வைத்திருந்ததால் நான் தப்பித்தேன். என் பங்கு வாடகை மாதம் 150 வெள்ளி. தம்பி, முதலில் இந்தக் கணக்கைப் போடுங்கள். உலையில் குறைந்திருக்கும் 131 வெள்ளி ஒரு மாத வாடகைக்கே காணாது.

நல்லதை இப்போதே சொல்லிவிடுகிறேன், போகப் போகக் கோபத்தில் மறந்துவிடும். பர்னர் அருமை. எரிவாயு சின்னத் துளை வழியாகப் பாயும் வேகத்தில் தனக்கு வேண்டிய காற்றைத் தானே இழுத்துக்கொள்கிறது. துருத்தியும் வேண்டாம், மின்விசிறியும் வேண்டாம். 12 மில்லிமீட்டர் கம்பியை உள்ளே வைத்துவிட்டு ஒரு மடக்கு கோப்பி குடித்துத் திரும்பினால் மஞ்சளாகக் காத்திருக்கும். இத்தனை ஆண்டில் ஒரே ஒருமுறைதான் மக்கர் செய்தது. கழற்றிப் பார்த்தால் குழாய்க்குள் சிலந்தி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. அதற்கு விற்றவரை என்ன சொல்ல முடியும்?

கூட வந்த ரெகுலேட்டரும் ஒழுங்கானதுதான். சமையலறை ரெகுலேட்டர் இதற்கு ஆகாது, அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற வகைதான் வேண்டும். குழாய் இணைப்புகளில் மட்டும் ஒவ்வொரு முறையும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பேன். குளிர்நாட்டுக்காரர்களின் காணொளிகளில், எரிக்க எரிக்கச் சிலிண்டர்மேல் பனி படிந்து அழுத்தம் இறங்கிவிடும் என்று பயமுறுத்துவார்கள். நம் ஊர் வெக்கையில் சிலிண்டருக்கு வியர்க்கிறது, அவ்வளவுதான். 32 டிகிரியில் உலைக்கு முன்னால் நிற்கும் எனக்கு அதைவிட அதிகமாக வியர்க்கிறது.

இனி பஞ்சு.

அலுமினாவையும் சிலிக்காவையும் உருக்கி இழையாக்கி, மெத்தை மாதிரி சுருட்டி விற்கும் பீங்கான் பஞ்சு அது. உலையின் வயிற்றுக்குள் சுற்றிலும் அதைத்தான் ஒட்டி வைத்திருக்கிறார்கள். அம்மா முதல்முறை பட்டறைக்கு வந்தபோது உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "பஞ்சையும் நெருப்பையும் பக்கத்துல வைக்கக்கூடாதுன்னு வயசுப் பிள்ளைங்களுக்குச் சொல்வாங்க. நீ உள்ளேயே வச்சுக் கொளுத்துறியே" என்றார். அன்றைக்குச் சிரித்தேன்.

பஞ்சு கெட்ட பொருள் இல்லை. 1260 டிகிரி வகை என்று எழுதியிருக்கும், சாதாரண வேலைக்கு அது போதும். சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைப்பதில் செங்கல்லெல்லாம் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் எனக்கு வந்த உலையில் அது மொட்டையாக வந்தது, மேலே ஒரு பூச்சும் இல்லாமல். கூட வந்த ஒற்றைத் தாளில் உலையின் கால்களை எப்படி முடுக்குவது என்று நாலு படம், பஞ்சைப் பற்றி ஒரு வரி கிடையாது. விற்றவரிடம் கேட்டதற்கு "நீண்ட நாள் உழைக்கும், கவலை வேண்டாம்" என்று பதில் வந்தது.

ஏழு மாதம் அப்படியே எரித்தேன். ஒரு மாலை, பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே சாய்வாக வெயில் விழுந்தபோதுதான் காற்றில் ஏதோ மினுமினுப்பதைப் பார்த்தேன். அத்தனையும் இழை. கம்பி உரசிய இடமெல்லாம் பிய்ந்து பறந்துகொண்டிருந்தது. அதற்கப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இந்த இழையை 2பி பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம் என்ற பிரிவில், வைத்திருக்கிறது. ஒரு வரி. அந்தத் தாளில் ஒரே ஒரு வரி போட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

சரி, பூச்சு போடலாம் என்று இறங்கினேன். புதுப் பஞ்சு வாங்கி வைத்து, முதலில் சிலிக்கா கரைசல் தெளித்து இழைகளை இறுக்க வேண்டும். நிறமில்லாத கரைசல் என்பதால் எங்கே பட்டது, எங்கே படவில்லை என்று தெரியாது. கொஞ்சம் கேசரிப் பவுடர் கலந்தேன். உலை ஆரஞ்சு நிறத்தில் கல்யாண வீட்டுப் பந்தியில் வைக்கிற பதார்த்தம் மாதிரி இருந்தது. நிறம் முதல் சூட்டிலேயே எரிந்து போய்விடும். அது காய்ந்த பிறகு, அரை சென்டிமீட்டர் கனத்துக்குச் சூடு தாங்கும் சாந்து. 24 மணி நேரம் காயவிடச் சொன்னார்கள். நான் கெட்டிக்காரன், மூன்று நாள் விட்டேன்.

அது டிசம்பர். வெளியே வடகிழக்குப் பருவமழை. ஆண்டு முழுக்கவே ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிற ஊரில், மழை நாளில் சாந்து எப்படிக் காயும்? பர்னரைப் பற்றவைத்த ஐந்தாவது நிமிடம் உள்ளே பட் பட்டென்று சத்தம். உள்ளே தங்கியிருந்த ஈரம் ஆவியாகி, பூச்சு அப்பளம் மாதிரி உப்பி உடைந்து விழுந்தது. அதற்குச் செலவான எழுபது வெள்ளியில் பாதி அங்கேயே போயிற்று.

இப்போது நான் செய்வது இது. பூச்சு போட்டதும் ஒரு வாரம் மேசை விசிறி. பிறகு பர்னரை ஒரு நிமிடம் எரித்து அணைத்து, இருபது நிமிடம் ஆறவிட்டு, மறுபடி இரண்டு நிமிடம். இப்படி ஒரு காலை முழுக்க. அதோடு முடிந்ததா என்றால் இல்லை. மூன்று வாரம் உலையைத் தொடாமல் இருந்தால் காற்றிலிருந்தே ஈரத்தைத் திரும்பக் குடித்துவிடுகிறது. அதனால் ஒவ்வொரு ஞாயிறும் முதல் பத்து நிமிடம் சிறு தீ. பூச்சு போட்டால் உலை சூடேறவும் முன்னைவிட இரண்டு மடங்கு நேரமாகிறது. மொட்டைப் பஞ்சு ஐந்து நிமிடத்தில் தயாராக இருந்தது என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவைக்கிறேன்.

இரண்டாவது முறை பஞ்சு போனதற்கு நான்தான் காரணம், உலையைக் குற்றம் சொல்ல மாட்டேன். இரண்டு இரும்பைக் காய்ச்சி அடித்து ஒட்டவைக்கும் ஆசை வந்தது. அதற்கு வெங்காரம் தூவ வேண்டும், நம் பொற்கொல்லர்கள் பற்றவைக்கும்போது பயன்படுத்துகிற அதே வெங்காரம். சூட்டில் அது கண்ணாடி மாதிரி உருகிச் சொட்டும். சொட்டிய இடத்தில் பூச்சையும் பஞ்சையும் சேர்த்துத் தின்றுகொண்டே இறங்கியது, வெல்லக்கட்டியில் வெந்நீர் ஊற்றியது போல. இரண்டே ஞாயிறில் தரையில் ஓட்டை, அடித்தகடு தெரிந்தது. இப்போது மண்பாண்டச் சூளைக்குள் அடுக்கும் அலுமினாத் தட்டு ஒன்றை வாங்கித் தரையாகப் போட்டிருக்கிறேன். அது தாங்குகிறது.

மூன்றாவதுதான் போன ஞாயிறு நடந்தது. இதற்குக் குறிப்பாக யாரையும் குற்றம் சொல்ல முடியவில்லை. பூச்சு மெல்ல மெல்ல விரிசல் விட்டு, துண்டு துண்டாக விழுந்து, உள்ளே பஞ்சு சுருங்கி நொறுங்கிப் போயிருந்தது. பழைய பஞ்சைப் பெயர்ப்பது புதிது போடுவதைவிட மோசம். நெடுநாள் கடும் சூட்டில் இருந்த பஞ்சில் ஒரு பகுதி கிறிஸ்டோபலைட்டாக மாறியிருக்கும். அது நுரையீரலைக் கெடுக்கிற சிலிக்காத் தூள். தண்ணீர் தெளித்து நனைத்து, நல்ல முகக்கவசம் போட்டு, பெயர்க்கப் பெயர்க்கப் பையில் கட்ட வேண்டும். எல்லாம் செய்தேன். முழுக்கைச் சட்டை மட்டும் போடவில்லை, வெக்கை தாங்கவில்லை என்று. அரிப்பு அடங்க இரண்டு நாள் ஆயிற்று.

மூன்று முறைக்கும் செலவு 70, 95, 110. ஆக 275 வெள்ளி. உலையின் விலையே 320. விற்கிறவர் தானே பூசிக் கொடுத்துவிட்டு இன்னும் ஐம்பது வெள்ளி கூட்டிக் கேட்டிருந்தால் மறுபேச்சில்லாமல் கொடுத்திருப்பேன்.

இதையெல்லாம் அப்பாவிடம் புலம்பினேன். அவர் சின்ன வயதில் ஊரில் கொல்லர் பட்டறை வாசலில் நின்று வேடிக்கை பார்த்தவர். "அங்கே வாரத்துக்கு ரெண்டு தடவை உலைக்குக் களிமண் பூசுவாங்க. அதை யாரும் ரிப்பேர்னு சொன்னதில்லை" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ராத்திரி படுத்த பிறகுதான் தோன்றியது: களிமண் சும்மா கிடைக்கும், அதைப் பூச முகக்கவசமும் வேண்டாம். காலையில் அதைச் சொன்னேன். "அதுவும் சரிதான்" என்று செய்தித்தாளுக்குத் திரும்பிவிட்டார்.

மற்றவை சுருக்கமாக. உலை மட்டும் வாங்கிப் பயனில்லை, பட்டடை வேண்டும். வார்ப்பிரும்புப் பட்டடை வேண்டாம், உருக்கில் செய்ததாகப் பாருங்கள். கீழே ஒரு பெரிய காந்தத்தை ஒட்டினால் மணியோசை பாதி அடங்கும். எண்ணெய் தடவாமல் வீட்டுக்குப் போனால் அடுத்த ஞாயிறு பட்டடையின் முகம் முழுக்கத் துரு. துத்தநாகம் பூசிய கம்பி, குழாய், ஆணி எதையும் உலைக்குள் விடாதீர்கள், அந்தப் புகையில் காய்ச்சல் வரும். ஷட்டர் முழுக்கத் திறந்தே இருக்கட்டும், இந்த உலை கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவும் விடும். கத்தி செய்கிற ஆசையைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். செய்தாலும் அதைப் பையில் போட்டுக்கொண்டு எம்ஆர்டி ரயிலில் ஏறி, காவலரிடம் பொழுதுபோக்கு என்று விளக்கிக்கொண்டிருக்க உங்களுக்கு விருப்பம் இருக்காது.

நான் செய்ததில் உருப்படியானது ஒரு தோசைத் திருப்பி. மென்னிரும்பு, பிடி முறுக்கியது, முனை கொஞ்சம் கோணல். கடையில் வாங்கிய எவர்சில்வர் திருப்பி இரண்டு இருக்க, அம்மா தினமும் இதைத்தான் எடுக்கிறார். கழுவித் துடைத்து எண்ணெய் தடவி ஆணியில் மாட்டுகிறார். அந்த ஆணியும் நான் அடித்ததுதான்.

ஆகவே தம்பி, பர்னர் நல்லது, ரெகுலேட்டர் நல்லது, உடம்பில் இன்னும் துருகூட இல்லை, விலையும் பாதிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இவ்வளவும் சொல்லிவிட்டு மறுபடி வேண்டாம் என்றே சொல்கிறேன். கை இன்னும் அரிப்பது போலிருப்பதால் சொல்கிறேனோ என்னவோ. அடுத்த ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பட்டறைக்கு வாங்க. பூச்சு இன்னும் காயவில்லை, ஒரு நிமிடம் எரித்து இருபது நிமிடம் அணைக்கிற வேலைதான் இருக்கும். முழுக்கைச் சட்டை போட்டு வாங்க. அதற்கப்புறமும் வாங்கியே தீருவேன் என்றால், பஞ்சு தனியாக வாங்காதீர்கள். என்னிடம் அரைச் சுருள் மிச்சம் இருக்கிறது.