வாஷ்பேசின் கசிவுக்கு ஆள் கூப்பிடும் முன் இதைப் படித்துவிடுங்கள்

நேற்று ராத்திரியும் பேசினுக்குக் கீழே வாளியை வைத்துவிட்டுத்தான் படுத்தேன். என் மூன்று நாள் சம்பளத்தை பிளம்பருக்குக் கொடுத்த பிறகும் அதே வாளி, அதே சொட்டு.

வீட்டு வேலைகளுக்கு ஆள் அனுப்பும் செயலி ஒன்றில் பதிவு செய்திருந்தேன். வந்தவர் பணிவாகப் பேசினார். குனிந்து, செல்போன் டார்ச் அடித்து, பாட்டில் ட்ராப்பின் (பேசினுக்குக் கீழே கழிவுநீர்க் குழாயில் இருக்கும் குப்பி போன்ற பாகம்) மேல் நட்டைத் தடவி விரலைக் காட்டினார். ஈரம். "ட்ராப் போயிடுச்சுக்கா, மாத்திட்டா நிம்மதி" என்றார். கண்ணெதிரே ஈரத்தைக் காட்டும்போது எப்படிச் சந்தேகம் வரும்? "நீங்க உங்க வேலையைப் பாருங்கக்கா, முடிச்சிட்டுக் கூப்பிடுறேன்." நானும் நம்பிப் போய்விட்டேன்.

அரை மணியில் புது ட்ராப் மாட்டி, நட்டுகளைச் சுற்றி வெள்ளையாகச் சிலிக்கான் பசை பூசியிருந்தார். குழாயை நூல் போலத் திறந்து காட்டினார். சொட்டவில்லை. வேலை முடிந்தது என்பதற்கான ஓடிபி கேட்டார், சொன்னேன். மூன்று நாள் சம்பளம் அந்த நிமிடமே போனது.

மறுநாள் காலை பேசினை நிரப்பித் துணி அலசிவிட்டு அடைப்பானை எடுத்தேன். கீழே தரை முழுக்கத் தண்ணீர்.

அவரைக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. செயலியில் புகார் கொடுத்தால் "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று ஒரே பதில் நான்கு முறை வந்தது. கடைசியில் பேசிய பெண், "ட்ராப்புக்குத்தான் உத்தரவாதம் மேடம், இப்போ ஒழுகுறது வேற இணைப்பு, அதுக்குப் புதுசா பதிவு பண்ணணும்" என்றார். கசிவை நிறுத்தத்தானே கூப்பிட்டேன்? ட்ராப் வேண்டும் என்று நானா கேட்டேன்?

இன்று காலை எல்லாவற்றையும் துடைத்துக் காயவைத்து, ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றிவிட்டு, பேசினை விளிம்பு வரை நிரப்பித் திறந்துவிட்டேன். முதலில் நனைந்தது மேலே, பேசினின் அடியில் வேஸ்ட் கப்ளிங்கை (பேசின் ஓட்டையில் பொருத்தி, தண்ணீரைக் கீழே இறக்கும் பாகம்) பிடித்திருக்கும் நட்டுக்குப் பக்கத்தில் இருந்த பேப்பர். அங்கே உள்ள ரப்பர் வாஷர் இறுகிப்போய் வெடித்திருக்கிறது. அங்கே கசியும் தண்ணீர் குழாயின் வெளிப்பக்கமாகவே வழிந்து ட்ராப் நட்டில் வந்து தொங்குகிறது. அவர் விரலில் பட்ட ஈரம் அதுதான். நூலளவு தண்ணீர் நடுவாக இறங்கிவிடும், நிரம்பி நின்றால்தான் அந்த வாஷர் வரை போகும். இது பிளம்பருக்குத் தெரியாதா? ஒரு சின்ன வாஷருக்காக மூன்று நாள் சம்பளம்!

விவரமாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. இதை மட்டும் மறக்காதீர்கள். ஆள் வேலை செய்யும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். ஈரம் எங்கே தொங்குகிறது என்று பார்க்காமல், எங்கே தொடங்குகிறது என்று காட்டச் சொல்லுங்கள். பேசினை நிரப்பித் திறந்து பார்க்காமல் ஓடிபி கொடுக்காதீர்கள். ட்ராப் நட்டில் சிலிக்கான் பூச வந்தால் தடுத்துவிடுங்கள். அங்கே தண்ணீரைத் தடுக்க வேண்டியது உள்ளே இருக்கும் வாஷர். ஈரத்தின் மேல் பூசினால் சிலிக்கான் ஒட்டவும் ஒட்டாது.

புது வாஷர் வாங்கி வைத்திருக்கிறேன். அதைப் போட ட்ராப்பைக் கழற்ற வேண்டும், கழற்ற முடியாதபடி பூசிவிட்டுப் போயிருக்கிறார். ஒரு மணி நேரமாகச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். புகாரை இதற்குள் "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டார்கள்.