பொதுச்சுவர் தகராறு: கோர்ட் வழக்கா, மக்கள் நீதிமன்றமா?

திருநெல்வேலி டவுன், பாளையங்கோட்டைப் பழைய தெருக்களில் வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும். நடுவில் ஒரே சுவர். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது ஓதம் காத்து, விரிசலில் அரசங்கன்று வேர்விட்டதும், கொத்தனார் கூலி யார் கொடுப்பது என்று பேச்சு தடிக்கும். 'அண்ணாச்சி' என்று வாய்நிறையக் கூப்பிட்டவர்கள் முகம் திருப்பிக்கொண்டு போவதைப் பார்க்க எனக்கு மனசு பொறுக்காது.

பத்திரத்தை முதலில் எடுத்துப் பாருங்கள். 'பொதுச்சுவர்' என்று இருக்கிறதா? சுவரே தன்னுடையது என்று பக்கத்து வீட்டார் சாதித்தால் உரிமையியல் வழக்குதான் வழி. இடைக்காலத் தடை கேட்கலாம்; கோர்ட் நியமிக்கும் வழக்கறிஞர் கமிஷனரை அனுப்பிச் சுவரைப் பார்வையிடச் சொல்லலாம்; எதிராளி வராவிட்டாலும் தீர்ப்பு உண்டு. ஆனால் வாய்தா மேல் வாய்தா. அடுத்த மழை அதற்குள் வந்துவிடும்.

கூலியில் யார் பங்கு எவ்வளவு என்பது மட்டுமே சண்டையென்றால் சமரசம் பேசித் தீர்க்கும் மக்கள் நீதிமன்றத்தையே (லோக் அதாலத்) சொல்வேன். வழக்கு போடுமுன்பே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம், நீதிமன்றக் கட்டணம் கிடையாது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி அங்கே எழுதும் சமரசம் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை. நடக்கிற வழக்கு அங்கே முடிந்தால் கட்டிய கட்டணம் திரும்பும். ஒரே குறை, இருவரும் சம்மதிக்க வேண்டும்.

மேல்முறையீடு இல்லாததால் கையெழுத்துக்கு முன் விவரமாக எழுதச் சொல்லுங்கள்: யார் பங்கு எவ்வளவு, வேலை எந்தத் தேதிக்குள், சாரம் யார் முற்றத்தில்.