ஐடிலில் நடுங்கும் சொகுசு கார்: எந்த இன்ஜின் மவுண்ட்டை வாங்குவது?

வண்டி ஓடும்போது குறை எதுவும் தெரியாது. நின்றால்தான் சிக்கல். கியர் டி-யில் இருக்க, பிரேக்கை மிதித்தபடி நிற்கும்போது ஸ்டீயரிங் லேசாக நடுங்கும், சீட்டுக்கு அடியில் ஓர் உறுமல் எழும். ஆக்சிலரேட்டரைத் தொட்டு 200, 300 ஆர்பிஎம் ஏற்றினால் இரண்டும் மறைந்துவிடும். பென்ஸ், பிஎம்டபிள்யூ, ஆடி, லெக்சஸ், ஜாகுவார் என்று எந்த வண்டியானாலும், வயதான பின் வரும் இந்தப் புகாருக்கு முதல் சந்தேகம், இன்ஜினைத் தாங்கி அதன் அதிர்வு பாடிக்குப் போகாமல் தடுக்கும் திரவம் நிரம்பிய ஹைட்ராலிக் இன்ஜின் மவுண்ட் மீதுதான் விழுகிறது. சந்தேகம் நியாயமானதே. ஆனால் சந்தையில் கிடைக்கும் நான்கு வகை மவுண்ட்டுகளில் இரண்டைத்தான் இந்த வண்டிகளுக்குப் பரிந்துரைக்க முடியும். அந்த இரண்டும்கூட, நோய் வேறெங்கோ இருந்தால் காசைக் கரியாக்கும் பொருள்கள்தான்.

மவுண்ட்டின் உள்ளமைப்பு தெரிந்தால் விலை வித்தியாசத்தின் காரணமும் புரியும். மேலே எடையைத் தாங்கும் தடித்த ரப்பர் கூம்பு. அதன் கீழே கிளைக்கால் கலந்த திரவம் நிரம்பிய இரண்டு அறைகள். அறைகளுக்கு நடுவே நீண்ட, குறுகிய வளைவுப் பாதை ஒன்றும், தளர்வாக அமர்ந்திருக்கும் மெல்லிய சவ்வு ஒன்றும் உண்டு. ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, வரும் சிறிய, வேகமான அசைவுகளை அந்தச் சவ்வே வாங்கிக்கொள்ளும். திரவம் பாதைக்குள் போக வேண்டிய தேவையே வராது, அதனால் மவுண்ட் மெத்தென்று இருக்கும். பள்ளத்தில் இறங்கி இன்ஜின் பெரிதாக ஆடும்போதுதான் திரவம் குறுகிய பாதையில் நெருக்கியடித்து ஓடி ஆட்டத்தை அடக்கும். ஒரே பொருள் இரண்டு வேலைகளைச் செய்கிறது. ரப்பர் வெடித்துத் திரவம் கசிந்துவிட்டால் இரண்டும் போய்விடும். இன்ஜின் சில மில்லிமீட்டர் தாழ்ந்து, உள்ளே இருக்கும் தடுப்பில் போய் உட்கார்ந்துவிடும். பிறகு இன்ஜினின் அதிர்வு முழுவதும் நேராகப் பாடிக்குள் ஏறும்.

வாங்கும் முன் ஒரு கணக்கு. செலவில்லாத இந்தச் சோதனையைப் பெரும்பாலான ஒர்க்‌ஷாப்புகள் செய்வதில்லை என்பதுதான் வருத்தம். ஐடில் 700 ஆர்பிஎம் என்றால் இன்ஜினின் முதன்மைத் தண்டான கிராங்க் நொடிக்கு 11.7 முறை சுற்றுகிறது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். ஆகவே நான்கு சிலிண்டர் இன்ஜினின் இயல்பான துடிப்பு 23.3 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை முறை), ஆறு சிலிண்டருக்கு 35, வி8-க்கு 46.7. மொபைலில் அதிர்வு அளக்கும் செயலி ஒன்றைப் போட்டு, போனை சீட் ரெயில் மீது வைத்து, எந்த எண்ணில் முகடு எழுகிறது என்று பாருங்கள். சென்சார் நொடிக்கு 100 முறை அளந்தால் 50 ஹெர்ட்ஸ் வரை காட்டும், இந்த வேலைக்கு அது போதும்.

முகடு வெடிப்புத் துடிப்பில் இருந்தால் சிலிண்டர்கள் சீராக வேலை செய்கின்றன, அதிர்வை வடிகட்ட வேண்டிய மவுண்ட்தான் தூங்குகிறது. 5.8 ஹெர்ட்ஸ் பக்கம் எழுந்தால் ஒரு சிலிண்டர் மட்டும் பலவீனமாக இருக்கிறது என்று பொருள், ஏனென்றால் அந்தச் சிலிண்டரின் குறை இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வரும். 11.7-ல் எழுந்தால் சுற்றும் பாகம் ஏதோ சமநிலை இழந்திருக்கிறது: ரப்பர் பிரிந்த கிராங்க் புல்லி, கிராங்க்கை கியர்பாக்ஸோடு இணைக்கும் ஃப்ளெக்ஸ் பிளேட்டில் விரிசல் போன்றவை. இந்த மூன்றில் முதலாவதற்கு மட்டுமே மவுண்ட் மருந்து. இன்னொன்றையும் ஒதுக்கிவிட வேண்டும். ஏசி போட்டால் மட்டும் நடுக்கம் வருகிறது என்றால் ரேடியேட்டர் ஃபேனின் இறக்கை உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஃபேன் நின்றதும் நடுக்கமும் நின்றால் குற்றவாளி அதுதான்.

செயலி வேண்டாம் என்பவர்களுக்குப் பழைய வழி இருக்கிறது. இன்ஜின் சூடான பிறகு நியூட்ரல், டி, ஆர் மூன்றிலும் பிரேக்கைப் பிடித்தபடி பாருங்கள். நியூட்ரலில் அமைதி, கியரில் நடுக்கம் என்றால் மவுண்ட் பக்கம் சாய்கிறது. நியூட்ரலிலும் ஒழுங்கற்ற உதறல் என்றால் அது மிஸ்ஸிங், அதாவது ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக வெடிக்கவில்லை. சில புதிய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்கள் டி-யில் நிற்கும்போது தாமாகவே இன்ஜினிலிருந்து பாதி விடுபட்டுக்கொள்ளும் என்பதால் ஆர்-ஐத் தவறவிடாதீர்கள். பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு டி-க்கும் ஆர்-க்கும் மாற்றும்போது இன்ஜின் ஒரு பக்கம் துள்ளி எழுந்தால் அந்தப் பக்க மவுண்ட் போய்விட்டது. இதைப் பார்ப்பவர் பக்கவாட்டில் நிற்க வேண்டும், வண்டிக்கு முன்னால் நிற்கவே கூடாது.

மிஸ்ஸிங் என்று தெரிந்தால் மவுண்ட் கடையை மறந்துவிட்டு ஸ்கேனரை எடுங்கள். இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஸிங் என்று சொல்லும் பி0302 கோடு வந்தால், அந்தச் சிலிண்டரின் இக்னிஷன் காயிலை நான்காவதற்கு மாற்றுங்கள். கோடு பி0304 என்று மாறினால் காயில் குற்றவாளி. இரண்டிலேயே நின்றால் பிளக்கை அதேபோல் மாற்றிப் பாருங்கள், அதற்குப் பிறகு இன்ஜெக்டர், கம்ப்ரஷன். எந்தக் கோடும் இல்லாமல் நடுங்கும் வண்டியில் லாங் டெர்ம் ஃபியூல் ட்ரிம்தான் (இன்ஜின் கணினி பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் நீண்டகாலத் திருத்தம்) சாட்சி. ஐடிலில் 10 சதவீதத்துக்கு மேல் கூட்டலில் இருந்து, 2,500 ஆர்பிஎம்மில் பூஜ்யத்துக்கு அருகே இறங்கினால், அளக்கப்படாத காற்று எங்கிருந்தோ உள்ளே நுழைகிறது. ஐடிலில் எஞ்சின் இழுக்கும் காற்று குறைவு என்பதால் சின்ன ஓட்டையும் பெரிய பங்கு வகிக்கும், வேகம் ஏறினால் அந்தப் பங்கு கரைந்துவிடும். ஜெர்மன் வண்டிகளில் கிராங்க்கேஸ் காற்றோட்ட வால்வின் சவ்வு கிழிவது இதற்கு வழக்கமான காரணம். விசில் சத்தம் வரும், ஓடும் இன்ஜினில் ஆயில் மூடியைத் திறக்க முயன்றால் உள்ளே இழுத்துப் பிடிக்கும்.

டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் கார்பன் இன்னொரு தொல்லை. பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் போவதால் இன்டேக் வால்வின் முதுகைக் கழுவ ஆள் இல்லை. படிவு தடிக்கும், காலையில் முதல் ஸ்டார்ட்டில் உதறும். இதற்கு வால்நட் ஓட்டுத் தூளை அடித்துச் சுத்தம் செய்வதுதான் வழி. டேங்கில் ஊற்றும் பாட்டில் எதுவும் அந்த வால்வைத் தொடவே தொடாது. வால்வுக்கு முன்னாலேயே பெட்ரோலைத் தெளிக்கும் போர்ட் இன்ஜெக்டரும் சேர்ந்து இருக்கும் சில லெக்சஸ் இன்ஜின்களில் இந்தத் தொல்லை குறைவு.

இனி பொருளுக்கு வருவோம்.

கார் கம்பெனியின் பெட்டியில் வரும் மவுண்ட் சிறந்தது, விலையும் அதிகம். எலெக்ட்ரிக் பிளக் உள்ள மவுண்ட் என்றால் யோசிக்காமல் இதையே வாங்குங்கள். உள்ளே சோலனாய்டு (மின்சாரத்தால் இயங்கும் வால்வு) இருக்கும் மவுண்ட்டை, இன்ஜினின் கணினியான இசியு ஐடிலில் மென்மையாக்கி, ஓட்டத்தில் இறுக்கும். ஆடியின் 4.0 டிஎஃப்எஸ்ஐ எஸ்8 போன்றவற்றில் இன்னும் ஒரு படி மேலே போய், பாதி சிலிண்டர்கள் ஓய்வெடுக்கும்போது எழும் அதிர்வுக்கு எதிர் அதிர்வை மவுண்ட்டே உண்டாக்கும். இதற்கு மலிவான மாற்று தேடுவது வீண் வேலை.

பிளக் இல்லாத சாதாரண ஹைட்ராலிக் மவுண்ட்டுக்கு எங்கள் தேர்வு இரண்டாவது வகை: கார் கம்பெனிக்குச் சப்ளை செய்யும் ஓஇஎம் தயாரிப்பாளர் தன் சொந்தப் பெட்டியில் விற்பது. இசட்எஃப் குழுமத்தின் லெம்ஃபோர்டர், ஃப்ராய்டன்பெர்க் குழுமத்தின் கோர்டெகோ ஆகியவை இந்த வரிசையில் தெரிந்த பெயர்கள். பல நேரம் பொருள் அதேதான், கார் கம்பெனியின் முத்திரையை மட்டும் வார்ப்பிலிருந்து தேய்த்து எடுத்திருப்பார்கள். அந்தத் தேய்த்த தழும்பு நல்ல சகுனம். ஆனால் பெட்டியின் பெயரை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. எல்லா மாடலுக்கும் எல்லாக் கம்பெனியும் சப்ளை செய்வதில்லை, சிலவற்றை வெளியில் வாங்கித் தங்கள் பெட்டியில் போடுவதும் உண்டு. கழற்றிய பழைய மவுண்ட்டில் இருக்கும் தயாரிப்பாளர் குறியைப் பார்த்து, அதே குறியைத் தேடுங்கள். வார்ப்பில் கடிகாரம் போன்ற சிறிய வட்டம் இருக்கும்: நடுவில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், அம்பு காட்டும் எண் மாதம். ரப்பர் அலமாரியில் இருந்தாலும் வயதாகும். ஐந்து ஆண்டு பழைய சரக்கு என்றால் வேறு கேளுங்கள்.

மூன்றாவது, மலிவான ஹைட்ராலிக் நகல். வெளித் தோற்றம் அச்சு அசலாக இருக்கும். ரப்பரின் கடினம், பாதையின் நீளம், சவ்வின் தளர்வு ஆகிய மூன்றும் குறிப்பிட்ட இன்ஜினுக்கென்று சுருதி சேர்க்கப்பட வேண்டியவை, நகலில் அது இருக்காது. மாற்றிய அன்று எல்லாம் நன்றாகத்தான் தெரியும், முழுக்கச் செத்த மவுண்ட்டுக்குப் பதிலாக எதைப் போட்டாலும் நன்றாகத்தான் தெரியும். உயரத்தில் சில மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால் எக்ஸாஸ்ட் இழுபடும், புது நடுக்கம் ஒன்று சேரும். மவுண்ட் மாற்றுவதில் கூலியும் பெரிய செலவு. அதே கூலியை இரண்டு முறை கொடுக்க வைக்கும் பொருளை மலிவு என்று சொல்ல மாட்டோம்.

நான்காவது வகையான பாலியூரித்தேன் மவுண்ட், திரவமில்லாத கெட்டி ரப்பர் மவுண்ட் இரண்டும் ரேஸ் டிராக்குக்கு. கசியாது, நீடிக்கும், ஐடிலில் பல் கிட்டும்.

வேக்யூம் குழாய் இணைந்த மவுண்ட் உள்ள வண்டிகளில் (டீசல் பிஎம்டபிள்யூக்கள், பழைய லெக்சஸ் வி6 போன்றவை) புதிதாக வாங்கும் முன் கையால் இயக்கும் வேக்யூம் பம்பை மாட்டி இழுத்துப் பாருங்கள். முள் இறங்காமல் நிற்க வேண்டும். இறங்கினால் சவ்வு கிழிந்திருக்கிறது. பெட்ரோல் வண்டியில் அந்தக் கிழிசலே இன்டேக்குக்குக் காற்று ஓட்டையாகி ஐடிலையும் கெடுக்கலாம். முள் நின்றால் மவுண்ட்டை விடுங்கள், குழாயையும் வால்வையும் பாருங்கள்.

நல்ல மவுண்ட் வாங்கியும் நடுக்கம் போகவில்லை என்ற புகார்கள் பல, மாட்டிய விதத்தால் வருபவை. நீளவாக்கில் இன்ஜின் உள்ள வண்டியில் பொதுவாக இன்ஜினுக்கு இரண்டு மவுண்ட், கியர்பாக்ஸுக்கு ஒன்று. எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் தாழ்ந்தது என்றால் இன்ஜின் கோணலாக உட்காரும், புது மவுண்ட்டும் சீக்கிரம் சாகும். குறுக்குவாக்கு இன்ஜினில் மேலேயோ கீழேயோ இருக்கும் டார்க் ராடின் (இன்ஜின் முன்னும் பின்னும் சாயாமல் பிடிக்கும் கம்பி) ரப்பர் புஷ்ஷை மறந்துவிடுகிறார்கள். கியர் போட்டதும் வரும் ‘தொம்’ பெரும்பாலும் அதனுடையது.

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, இன்ஜின் ஆறிய பிறகே தொடங்க வேண்டும். மேலிருந்து தொங்கவிடும் சப்போர்ட் பார் இருந்தால் நல்லது. ஜாக்கிதான் என்றால் அகலமான மரப்பலகை வைத்து, உற்பத்தியாளர் காட்டிய இடத்தில் மட்டும் தூக்குங்கள். அலுமினிய ஆயில் சம்ப் நடுவில் முட்டுக்கொடுத்தால் விரிசல் விடும், பிளாஸ்டிக் சம்ப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மவுண்ட்டின் எடை விடுபடும் அளவுக்கு மட்டும் தூக்கி, ஃபேன் கவர், ரேடியேட்டர் குழாய்கள், எக்ஸாஸ்ட் ஆகியவை இழுபடுகின்றனவா என்று ஒவ்வொரு தூக்கலுக்கும் பாருங்கள். பிஎம்டபிள்யூ என்52 போன்ற மெக்னீசியம் கலந்த கிராங்க்கேஸில் திருகும் அலுமினிய போல்ட்டுகள் ஒருமுறை மட்டுமே பயன்படும். புதியதைப் போட்டு, உற்பத்தியாளர் சொன்ன டார்க்குக்கு (இறுக்க அளவு) இறுக்கிய பிறகு சொன்ன கோணம் திருப்ப வேண்டும். கையில் கிடைத்த ஸ்டீல் போல்ட்டைப் போட்டால் மெக்னீசியம் அரிபட்டுப் போகும்.

மவுண்ட்டின் தலையில் இருக்கும் சிறிய குமிழ், பிராக்கெட்டின் துளைக்குள் அமர்ந்திருக்க வேண்டும். அமராமல் இறுக்கினால் மவுண்ட் முறுக்கிக்கொண்டே வாழும். எல்லா போல்ட்டுகளையும் கையிறுக்கத்தில் விட்டு, இன்ஜினை முழுக்க இறக்கி, பேட்டரியை இணைத்து ஐடிலில் ஓடவிட்டு இன்ஜினைத் தன் இடத்தில் உட்கார விடுங்கள். நிறுத்திய பிறகே டார்க் ரென்ச். இந்த ஒரு படியைத் தவிர்ப்பதால் வரும் நடுக்கத்துக்கு எத்தனை புது மவுண்ட் போட்டாலும் தீர்வில்லை. எக்ஸாஸ்ட்டின் இணைப்புகளையும் அதேபோல் தளர்த்தி, அமரவிட்டு இறுக்குவது நல்லது. கடைசியாக ஏசி குழாய், ஹீட் ஷீல்டு, அடிக்கவசம் ஏதாவது பாடியையோ சப்ஃப்ரேமையோ தொடுகிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள்.

சத்தத்தைப் பொறுத்தவரை சுருக்கமாக: மவுண்ட் உறுமும், தட்டும், டிக் டிக் என்று சொல்லாது. டைரக்ட் இன்ஜெக்டரும் ஹை பிரஷர் பம்பும் தரும் டிக் டிக் இயல்பானது. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு விநாடி கரகரத்தால் டைமிங் செயின் டென்ஷனர் அல்லது வால்வ் டைமிங் கியர், முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். உராய்வுச் சத்தம் என்றால் இன்ஜினை அணைத்து பெல்ட்டைக் கழற்றி, அரை நிமிடம் மட்டும் ஓட்டிப் பாருங்கள். சத்தம் போனால் ஆல்டர்னேட்டர், ஐட்லர், டென்ஷனர் பேரிங் போன்ற, பெல்ட்டில் ஓடும் பாகங்களில் ஒன்று. வாட்டர் பம்ப்பும் அந்த பெல்ட்டிலேயே ஓடும் வண்டி என்றால் அதற்கு மேல் ஓட்டக் கூடாது.

பிளக் உள்ள மவுண்ட்டை ஒருமுறை மாட்டிவிட்டால் பல கடைகள் திரும்ப எடுப்பதில்லை. ஆகவே பெட்டியிலிருந்து எடுத்ததும் மாட்டுவதற்கு முன்பே வண்டியின் ஒயரில் இணைத்து, ஸ்கேனரின் ஆக்சுவேட்டர் டெஸ்ட்டை (பாகத்தை நேரடியாக இயக்கிப் பார்க்கும் சோதனை) ஓட்டுங்கள். சோலனாய்டு வகை என்றால் ‘க்ளிக்’ கேட்கும், விரலுக்கும் தெரியும். எதுவும் வராவிட்டால் அதே ஒயரில் பழைய மவுண்ட்டை மாட்டிச் சோதியுங்கள். பழையது க்ளிக் செய்தால் புதியதைப் பெட்டியோடு திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். இரண்டும் மௌனமாக இருந்தால் ஒயரிங், ஃப்யூஸ் பக்கம் போங்கள்.