ஆணையமா, உயர் நீதிமன்றமா?

கல்லறைத் தோட்டத்துக்குச் செல்லும் பாதை அடைபட்டாலோ, பள்ளிவாசல் சீரமைப்புக்கான அனுமதி மாதக்கணக்கில் கோப்பிலேயே கிடந்தாலோ, 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசியச் சிறுபான்மையினர் ஆணையத்தை நாடுவதா, உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு (அரசுக்கோ அதிகாரிக்கோ உத்தரவிடக் கோரும் மனு) போடுவதா என்ற குழப்பம் பலருக்கும் எழுகிறது.

செலவு: ஆணையத்துக்கு வழக்கறிஞர் தேவையில்லை, புகாரை எழுதி, ஆட்சியர் அலுவலகத்தில் முன்பே கொடுத்த மனுவின் ரசீது நகலை இணைத்து அனுப்பலாம். நீதிமன்றத்திலோ வழக்கறிஞர் கட்டணமே பெரும் சுமை.

அதிகாரம்: உண்மையான வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. உரிமையியல் நீதிமன்றத்தைப் போல ஆட்களை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் ஆணையத்தால் முடியும் என்றாலும், அது இறுதியில் தருவது பரிந்துரைதான். அதிகாரி அதைக் கிடப்பில் போட்டால் ஆணையத்தால் தண்டிக்க இயலாது. அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றம் இடும் உத்தரவை மீறினால் அவமதிப்பு வழக்கு பாயும்.

வரம்பு: நீதிமன்றத்தில் நிலுவையிலுள்ள விவகாரத்தை ஆணையம் பொதுவாக எடுப்பதில்லை, ஆகவே எதை முதலில் நாடுகிறோம் என்பது முக்கியம்.

அலுவலக மெத்தனம் மட்டுமே தடையென்றால், ஆணையத்தின் ஒரு கடிதமே கோப்பை நகர்த்திவிடக்கூடும். சுவரில் இடிப்பு நோட்டீஸ் ஒட்டி நாளும் குறித்துவிட்டார்கள் என்றால், இடைக்காலத் தடை கேட்டு நேரே நீதிமன்றத்துக்குச் செல்வதே சரி.