பூனைக்குச் சர்க்கரை வியாதி: மனுஷ மீட்டர் போதுமா, எந்த ஊசி வாங்குவது?

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். பூனைக்குச் சர்க்கரை என்று டாக்டர் உறுதியாகச் சொல்லிவிட்டால் காசை ஸ்ட்ரிப்பிலும் சரியான சிரிஞ்சிலும் போடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். இந்த விமர்சனம் மனிதர்களுக்கு ரத்தச் சர்க்கரை பார்க்கும் கான்டூர் பிளஸ் மீட்டரைப் பற்றித்தான், ஆனால் மீட்டரை மட்டும் பேசினால் பாதிக் கிணறு தாண்டிய கதையாகிவிடும், அதனால் இன்சுலின், ஊசி, உடம்பில் ஒட்டும் சென்சார் எல்லாவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எங்கள் பூனையின் பெயர் கருவாடு. பழைய வண்ணாரப்பேட்டைச் சந்தில் பிறந்தவன், கருத்தடை ஆபரேஷன் ஆனவன், காசிமேட்டிலிருந்து வரும் காரப்பொடி மீனும் அம்மா பிசைந்து வைக்கும் பால்சோறும் தின்று ஊதிப்போனவன். வயசான, கருத்தடை செய்த, வெயிட் போட்ட ஆண் பூனைதான் இந்த வியாதிக்கு முதல் ஆள். ஓயாமல் தண்ணீர் குடிக்கிறது, ஒன்றுக்குப் போகும் மண் தட்டு எப்போதும் ஈரமாக இருக்கிறது, நன்றாகத் தின்றும் இளைக்கிறது, பின்னங்காலில் குதிகால் தரையில் படும்படி நடக்கிறது என்றால் யோசிக்காமல் வேப்பேரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி இவ்வளவு கிட்டத்தில் இருப்பது வடசென்னைக்காரர்களுக்கு ஒரு கொடுப்பினை. எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு அது இன்னமும் மாட்டாஸ்பத்திரிதான்.

சரி, ஆஸ்பத்திரியிலேயே பார்த்துக்கொள்ளலாமே, வீட்டில் எதற்கு மீட்டர் என்று கேட்பீர்கள். பேசின் பிரிட்ஜ் டிராஃபிக்கில் ஆட்டோவுக்குள் கத்திக்கொண்டே போய், வரிசையில் நாய்கள் குரைப்பதைக் கேட்டு நடுங்கி உட்கார்ந்திருக்கும் பூனைக்குப் பயத்திலேயே சர்க்கரை ஏறிவிடும். வியாதியே இல்லாத பூனைகூட இந்தப் பதற்றத்தில் 300-ஐத் தொடலாம். அதனால்தான் நல்ல டாக்டர்கள் ஒரே ஒரு ரீடிங்கை வைத்து முடிவு கட்டுவதில்லை, கடந்த சில வாரங்களின் நிலவரத்தைச் சொல்லும் ஃப்ரக்டோசமைன் டெஸ்ட்டையும் எழுதுகிறார்கள். வீட்டில் சோபா மேல் தூங்கி வழிகிற பூனையிடம் எடுக்கும் ரீடிங்குக்கு இருக்கும் மதிப்பே வேறு.

மீட்டருக்கு வருகிறேன். கான்டூர் பிளஸ் எனக்குப் பிடித்ததற்குக் காரணம் இரண்டு. ஒன்று, அதற்கு 0.6 மைக்ரோலிட்டர் ரத்தம் போதும். பூனையின் காதில் அதற்கு மேல் வராது. இரண்டாவது, ரத்தம் பத்தவில்லை என்றால் அது உடனே எரர் காட்டி ஸ்ட்ரிப்பை வீணாக்காமல் அரை நிமிஷம் காத்திருக்கும், அதற்குள் அதே ஸ்ட்ரிப்பில் இன்னொரு துளி தொட்டுக்கொள்ளலாம். தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும் ஜீவனுக்கு இது எவ்வளவு பெரிய உபகாரம் என்பது செய்து பார்த்தவருக்குத்தான் தெரியும். ஸ்ட்ரிப் டப்பா மாற்றும்போது மீட்டரில் கோட் நம்பர் போடும் வேலை கிடையாது, ஐந்து விநாடியில் விடை வந்துவிடும்.

காதில் குத்தும் விதம் இதுதான். காது மடலின் வெளி ஓரமாக ஒரு மெல்லிய நரம்பு ஓடும், பின்னாலிருந்து செல்போன் டார்ச் அடித்தால் சிவப்புக் கோடாகத் தெரியும். வெதுவெதுப்பான துணியால் காதைக் கொஞ்ச நேரம் பிடித்து, மேலே லேசாக வாஸ்லின் தடவுங்கள், அப்போதுதான் ரத்தம் முடியில் பரவாமல் கடுகளவு உருண்டையாக நிற்கும். அடியில் மடித்த பஞ்சை வைத்துக்கொண்டு, நரம்புக்கும் ஓரத்துக்கும் நடுவில் குத்தவேண்டும். மீட்டரோடு வரும், விரலில் குத்துவதற்கான ஸ்பிரிங் பேனாவை மறந்துவிடுங்கள், அந்த டிக் சத்தத்துக்கே பூனை பீரோ மேல் ஏறிவிடும், லான்செட் என்ற குட்டி ஊசியைக் கையில் பிடித்துக் குத்துவதுதான் சுலபம். முடிந்ததும் ஒரு துண்டு வேகவைத்த மீன். கருவாடு இப்போதெல்லாம் மீட்டர் பை ஜிப் திறக்கும் சத்தம் கேட்டாலே மீனுக்காக வந்து உட்கார்ந்துகொள்கிறான். "எனக்கே இவ்ளோ பார்த்ததில்ல, இவனுக்கு ராஜ உபசாரமா" என்பது அம்மாவின் நிரந்தரப் புலம்பல்.

இந்த மீட்டரில் ஒரு குறை உண்டு, அது எல்லா மனுஷ மீட்டருக்கும் பொதுவான குறை. மனிதர்களுக்கு ரத்தச் சர்க்கரையில் கணிசமான பங்கு சிவப்பணுக்களுக்குள் இருக்கும், பூனைக்குப் பெரும்பகுதி பிளாஸ்மா என்ற திரவப் பகுதியில்தான். கணக்கு மனிதனுக்குப் போட்டது என்பதால் பூனைக்குப் பொதுவாக நிஜத்தைவிடக் குறைத்தே காட்டும். ஆல்ஃபாட்ராக் என்று நாய் பூனைக்கென்றே ஒரு மீட்டர் இருக்கிறது, அது இந்த விஷயத்தில் சரியானது, ஆனால் ராத்திரி ஸ்ட்ரிப் தீர்ந்தால் மூலக்கொத்தளத்து மெடிக்கலில் போய் வாங்க முடியாது. நான் ஒரே மீட்டரை விடாமல் பிடித்துக்கொண்டு, அது மனுஷ மீட்டர் என்று டாக்டரிடம் சொல்லி, நோட்டில் எழுதிக் காட்டுகிறேன். அவர் பார்ப்பது ஏற்ற இறக்கத்தை. டோஸை மாற்றுவது அவர் வேலை, மீட்டரைப் பார்த்து நாமே ஒரு யூனிட் ஏற்றுவது இறக்குவது எல்லாம் வேண்டாம்.

இனி ஊசி. இங்கேதான் உயிர் போகிற விஷயம் இருக்கிறது. எங்கள் டாக்டர் எழுதியது கிளார்ஜின் இன்சுலின், லேன்டஸ், பேசலாக் என்ற பெயர்களில் மனிதர்களுக்கு விற்பதுதான், ஒரு மில்லிக்கு 100 யூனிட். நம் ஊரில் குப்பியில் வரும் மனித இன்சுலின் பலவும் மில்லிக்கு 40 யூனிட். இரண்டுக்கும் சிரிஞ்ச் வேறு: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. ஸ்டான்லி ஆஸ்பத்திரியைச் சுற்றி மெடிக்கல் ஷாப்புக்குப் பஞ்சமில்லை, அந்த வட்டாரத்தில் ஒரு கடையில் கிளார்ஜின் கேட்டபோது கூடவே சிவப்பு மூடி சிரிஞ்சை எடுத்து வைத்தார்கள்.

"ஆரஞ்சு மூடி குடுப்பா."

"ரெண்டும் ஒண்ணுதாண்ணா, எல்லாரும் இதான் வாங்குவாங்க. யாருக்கு?"

"பூனைக்கு."

"என்னண்ணா காமெடி பண்றீங்க."

ரெண்டும் ஒன்று இல்லை. 100 இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் ஒரு கோடு இழுத்தால் உள்ளே போவது இரண்டரை யூனிட். நாலு கிலோ பூனைக்கு ஒரு யூனிட்டில் ஆரம்பிக்கும் மருந்து இது, இரண்டரை போனால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. அதோடு நிற்கவில்லை, ஆரஞ்சிலும் பார்த்து வாங்கவேண்டும். ஒரு மில்லி சிரிஞ்சில் பெரும்பாலும் ஒரு கோட்டுக்கு இரண்டு யூனிட், ஒரு யூனிட்டைக் கண்ணால் குத்துமதிப்பாக அளக்கவேண்டியிருக்கும். 0.3 மில்லி சிரிஞ்ச், அதிலும் அரை யூனிட் கோடு போட்டது கிடைத்தால் தெய்வாதீனம். எங்கள் பக்கத்துக் கடைகளில் சாதாரணமாக இருப்பதில்லை, சொல்லிவைத்து வரவழைத்தேன், டாக்டர் அரை யூனிட் மாற்றச் சொன்ன அன்றைக்கு அதன் அருமை தெரிந்தது.

கிளார்ஜினைப் பற்றிப் புகார் ஒன்றும் இல்லை. பூனைக்கு ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் தாங்கும், அதனால் காலையும் ராத்திரியும். தண்ணீர் போல் தெளிவாக இருக்கவேண்டும், கலங்கினால் தூக்கிப்போடுங்கள், வேறு எதோடும் கலக்கக் கூடாது. மூன்று மில்லி கார்ட்ரிட்ஜில் 300 யூனிட் இருக்கிறது, திறந்தால் 28 நாள் என்று போட்டிருக்கிறார்கள், பூனைக்கு அதில் கால்வாசிகூடத் தீராது. ஃபிரிட்ஜிலேயே வைத்திருந்தால் அதற்கு மேலும் பயன்படுத்தலாம் என்று சொல்லும் கால்நடை மருத்துவர்கள் உண்டு, உங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜ் கதவில் வையுங்கள், ஃப்ரீசர் பக்கம் வேண்டாம், உறைந்தால் காலி. 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் வடசென்னையில் பல தெருக்களில் கரண்ட் இல்லாமல் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மாதிரி நேரத்துக்கு ஈர மண்பானையும் மூடிய டப்பாவும் போதும், 30 டிகிரிக்குள் இருந்தால் இன்சுலின் கெடாது.

சாப்பாட்டைப் பற்றி ஒரே விஷயம். பால்சோற்றை நிறுத்தச் சொல்வார்கள், மாவுச்சத்து குறைந்த ஈர உணவுக்கு மாறச் சொல்வார்கள், ஆனால் அதை டாக்டருக்குத் தெரியாமல் திடுதிப்பென்று செய்யாதீர்கள். சோறு நின்றதும் இன்சுலின் தேவை மளமளவென்று குறையும், பழைய டோஸே அதிகமாகிவிடும். பூனைகளில் சில இன்சுலினே தேவைப்படாத நிலைக்கும் வந்துவிடுகின்றன, நல்ல செய்திதான், ஆனால் மீட்டர் பார்க்காத வீட்டில் அது தெரியாமலே போகும். தின்னவில்லை என்றால் ஊசி போடாமல் முதலில் டாக்டருக்குப் போன். மீட்டர் 60-க்குக் கீழே காட்டினாலோ, பூனை தள்ளாடினாலோ, குளுக்கான்-டியைக் கெட்டியாகக் கரைத்தோ தேனையோ ஈறில் தடவிக்கொண்டே வண்டி பிடியுங்கள்.

சென்சாரையும் வாங்கிப் பார்த்தேன், சுமார் ஐயாயிரம் ரூபாய், முடியை மழித்துத் தோள்பட்டைக்கு நடுவில் ஒட்டுவது, போனைக் காட்டினால் ரீடிங் வரும். மனிதருக்கு 14 நாள் என்று எழுதியிருக்கும், கருவாடு கட்டிலுக்கு அடியில் நுழைந்து தேய்த்தே அதைப் பாதியில் கழற்றிவிட்டான். டோஸ் புதிதாக நிர்ணயிக்கும் சமயத்தில் முழு நாள் வரைபடம் வேண்டும் என்று டாக்டர் கேட்டால் அது உபயோகம்தான், மற்றபடி அந்தக் காசுக்கு எத்தனை ஸ்ட்ரிப் டப்பா வரும் என்று பாருங்கள்.

மீட்டருக்கு நாலரை நட்சத்திரம், குறைத்த அரை நட்சத்திரம் ஸ்ட்ரிப்பின் விலைக்காக. ஸ்ட்ரிப் வாங்கும்போது கவுன்டரிலேயே காலாவதித் தேதி பாருங்கள், நம் பக்கத்துக் கடல் காற்றுக்கு டப்பா மூடியை உடனுக்குடன் அழுத்தி மூடுங்கள், ஈரம் பட்ட ஸ்ட்ரிப் வாய்க்கு வந்ததைக் காட்டும். போட்ட ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்து மூடி டாக்டரிடமே கொடுத்துவிடுங்கள், குப்பையில் போட்டால் துப்புரவுப் பணியாளர் கையில்தான் குத்தும்.